டவுன்வோட்டு ஆறு லட்சம், கணக்கு இரண்டு வரி

60,000-ஐ 25-ஆல் வகுத்தால் 2,400. அது நிமிடம். அதை 60-ஆல் வகுத்தால் 40 மணி நேரம். 2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (சுருக்கமாக ஈஏ) என்ற பெரிய கேம் பப்ளிஷரை வழிக்குக் கொண்டுவந்த சண்டையின் அடியில் கிடப்பது இந்த இரண்டு வரிக் கணக்குதான். ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2 கேமில் டார்த் வேடரையோ லூக் ஸ்கைவாக்கரையோ திறந்து ஆட 60,000 கிரெடிட், அதாவது கேமுக்குள் மட்டும் செல்லும் பணம், வேண்டும். ஆடினால் நிமிடத்துக்குச் சுமார் 25 கிரெடிட் சேரும். ஒரே ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரு முழு வார வேலை நேரம்.

கேமர்கள் கோபப்படுவது ஒன்றும் புதிதில்லை. மாதத்துக்கு ஒரு பப்ளிஷர் மாட்டுவார், நாலு நாள் கொதிக்கும், அடுத்த ட்ரெய்லர் வந்ததும் ஆறிப்போகும். பேட்டில்ஃப்ரன்ட் 2 விவகாரம் மட்டும் ஏன் பெல்ஜியம் சூதாட்ட ஆணையம் வரைக்கும் போனது என்று பிரித்துப் பார்த்தால், பப்ளிஷருக்கு எங்கே அடித்தால் வலிக்கும், எங்கே அடித்தால் நம் கைதான் வலிக்கும் என்பது பிடிபடும்.

கேம் 2017 நவம்பர் 17 அன்று வெளியானது. சாதா பதிப்பு 60 டாலர், டீலக்ஸ் 80 டாலர். ஈஏ-வின் சந்தா எடுத்தவர்களுக்கு ஒரு வாரம் முன்பே 10 மணி நேர ட்ரையல் திறந்துவிட்டார்கள். விற்பனையைச் சூடாக்கத்தான் அந்த ஏற்பாடு. நடந்தது வேறு. கேம் கடைக்கு வருவதற்கு முன்பே அதைப் பிரித்து மேய ஆயிரக்கணக்கான பேருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அவர்களில் சிலர் சும்மா திட்டாமல் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தார்கள். ஒவ்வொரு மேட்ச்சும் எத்தனை நிமிடம் ஓடியது, முடிவில் எத்தனை கிரெடிட் வந்தது என்று வரிசையாகக் குறித்தார்கள். சராசரியாக ஒரு மேட்ச் 11 நிமிடம், வரவு நிமிடத்துக்கு 25 சொச்சம்.

அந்த ஷீட்டில் இன்னொன்றும் வெளியே வந்தது. நன்றாக ஆடினாலும் மோசமாக ஆடினாலும் வரவில் பெரிய வித்தியாசம் இல்லை. கூலி நேரத்துக்குத்தான், திறமைக்கு இல்லை. இதைப் புரிந்துகொண்ட சிலர் கன்ட்ரோலர் குச்சியில் ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு எழுந்து போனார்கள். கதாபாத்திரம் தன் பாட்டுக்கு வட்டமடிக்கும், கிரெடிட் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு கேமின் பொருளாதாரம் கோணலாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

80 டாலர் கொடுத்த பிறகும் வேடர் பூட்டியே கிடக்கிறாரே என்று ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ஒருவர் கேட்டதற்கு, நவம்பர் 12 அன்று ஈஏ-வின் சமூகத் தொடர்புக் குழு பதில் போட்டது. ஹீரோக்களை உழைத்துத் திறக்கும்போது ஆட்டக்காரருக்குப் பெருமிதமும் சாதித்த உணர்வும் வர வேண்டும் என்பதே நோக்கம் என்பது அதன் சாரம். அந்தப் பதில் ஆறு லட்சத்துக்கும் மேல் டவுன்வோட்டு, அதாவது பிடிக்கவில்லை என்ற ஓட்டு, வாங்கி கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இன்றைக்கும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அந்த எண்ணில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் டவுன்வோட்டால் ஈஏ-வின் பணப்பெட்டியிலிருந்து ஒரு சென்ட்டும் குறையாது. 40 மணி நேரம் என்ற எண் வேறு ஜாதி. கேமே ஆடாத பத்திரிகையாளருக்கும், பிள்ளைக்கு வாங்கித்தர நினைக்கும் அப்பா அம்மாவுக்கும் அது ஒரே மூச்சில் புரியும். மறுக்கவும் வழியில்லை, மறுத்தால் சரியான எண் என்ன என்று சொல்லியாக வேண்டும்.

அடுத்த நாளே ஈஏ விலையை 75 சதவீதம் குறைத்தது. வேடர், லூக் 15,000. பால்படீன், செவ்பாக்கா, லெயா 10,000. கதைப் பகுதியின் நாயகி ஐடன் 5,000. செய்தித் தலைப்புகள் எல்லாம் வெற்றி வெற்றி என்றன. அதற்குள் ஒருவர் கதைப் பகுதியை முடித்துப் பார்த்தார். முடித்தால் முன்பு 20,000 கிரெடிட் பரிசு, இப்போது 5,000. பரிசையும் அதே 75 சதவீதம் வெட்டியிருந்தார்கள். 20,000 என்பது 60,000-இல் மூன்றில் ஒரு பங்கு. 5,000 என்பது 15,000-இல் மூன்றில் ஒரு பங்கு. விகிதம் அப்படியே இருக்கிறது. மீதி 10,000-க்கு 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம் உழைத்தால் போதும் என்பதால் ஆட்டக்காரருக்கு லாபம் உண்டுதான். இருந்தாலும் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்ததைச் சொல்லாமல் விட்டதுதான் கடுப்பைக் கிளப்பியது. விலை குறைப்பு அறிவிப்பு எப்போது வந்தாலும் விலைப்பட்டியலோடு நிறுத்தாமல் வரவுப் பக்கத்தையும் அன்றே மறுபடி அளக்க வேண்டும் என்பதற்கு இது பாடப்புத்தக உதாரணம்.

உண்மையில் ஹீரோ விலை பெரிய நோயே இல்லை. நோய் இருந்தது ஸ்டார் கார்டுகளில். சேதத்தைக் கூட்டும், ஆயுதம் மீண்டும் தயாராகும் நேரத்தைக் குறைக்கும் அட்டைகள் இவை. நான்கு தரம் உண்டு. கிடைப்பதோ லூட் பாக்ஸில், அதாவது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டியில், குலுக்கல் முறையில். சிப்பாய்களுக்கான பெட்டி ஒன்று 4,000 கிரெடிட்: 25-ஆல் வகுத்தால் 160 நிமிடம், பெட்டிக்கு 2 மணி 40 நிமிடம். காத்திருக்க மனமில்லையா, காசு கொடுத்து கிரிஸ்டல் வாங்கிப் பெட்டியை உடைக்கலாம். 12,000 கிரிஸ்டல் 100 டாலர். ஆக 60 டாலர் கொடுத்து கேம் வாங்கியவர், 160 டாலர் கொடுத்தவரின் துப்பாக்கிக்கு எதிரே நிற்கிறார். எல்லாவற்றையும் திறக்க 4,528 மணி நேரம் அல்லது சுமார் 2,100 டாலர் ஆகும் என்று ஒரு ரசிகர் தளம் கணக்குப் போட்டது. 4,528 மணி நேரம் என்பது தூங்காமல் ஆடினாலும் 188 நாள். இந்த மாதிரி மொத்தக் கணக்குகளில் ஊகம் கொஞ்சம் கலந்திருக்கும், பெட்டிக்குள் என்ன விழும் என்பது குலுக்கல்தானே. அந்த 25 மட்டும் ஊகம் இல்லை, அளந்த எண்.

நவம்பர் 16, வெளியீட்டுக்கு முந்தின நாள், கேமுக்குள் காசு கொடுத்து வாங்கும் வசதி முழுவதையும் ஈஏ அணைத்துவிட்டது. ஏன் அன்றைக்கு? டவுன்வோட்டு ஏறி நாலு நாள் ஆகிவிட்டது. அதற்கே பயந்திருந்தால் முன்பே அணைத்திருக்கலாம். ஸ்டார் வார்ஸ் என்ற பெயர் ஈஏ-வின் சொத்தில்லை, டிஸ்னியிடமிருந்து வாங்கிய உரிமம். அடுத்த படம் டிசம்பர் 15 அன்று திரைக்கு வரவிருந்தது. குழந்தைகளுக்குப் பொம்மை விற்கும் கம்பெனியின் பெயர் சூதாட்டம் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு செய்தியில் ஓடுகிறது. டிஸ்னி தரப்பின் அதிருப்தி ஈஏ-வுக்குப் போய்ச் சேர்ந்ததாக அப்போதே செய்தி வந்தது. வாடிக்கையாளர் கத்தினால் பப்ளிஷர் காதைப் பொத்திக்கொள்ளலாம். உரிமம் கொடுத்தவர் போனை எடுத்தால் பொத்த முடியாது. அதுவும் கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சற்று முன்னால்.

சில நாளில் முதலீட்டாளர் மாநாடு ஒன்றில் ஈஏ-வின் நிதித் தலைவர் ப்ளேக் ஜார்கென்சனிடம், சக்தி தரும் அட்டைகளுக்குப் பதிலாக வெறும் அலங்காரப் பொருட்களை விற்றிருக்கலாமே என்ற பேச்சு வந்தது. வெள்ளை உடையில் டார்த் வேடர் என்றால் அந்த உலகத்தின் ஒழுங்குக்குப் பொருந்தாது, இளஞ்சிவப்பு வேடரை யாரும் விரும்பமாட்டார்கள் என்ற ரீதியில் பதில் சொன்னார். வேடரை 40 மணி நேரம் பூட்டி வைப்பது மட்டும் அந்த உலகத்துக்கு எப்படிப் பொருந்தியது என்று யாரும் கேட்டார்களா தெரியாது. 2018 ஏப்ரலில் கிரிஸ்டல் திரும்ப வந்தபோது அதைக் கொண்டு வாங்கக் கிடைத்தவை தோற்றங்கள் மட்டும்தான். அதற்கு முந்தின மாதமே ஸ்டார் கார்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஆடினால் மட்டும் கிடைப்பதாக மாற்றிவிட்டார்கள்.

பணக்கணக்கில் என்ன ஆயிற்று? காசு வசதியை அணைத்ததால் அந்த நிதியாண்டின் வருமான மதிப்பீட்டில் சொல்லிக்கொள்ளும் பாதிப்பு இல்லை என்று ஈஏ பங்குச் சந்தைக்கு அறிவித்தது. விற்பனை இலக்கு டிசம்பர் முடிவுக்குள் 1 கோடி, விற்றது 90 லட்சம். பத்து சதவீதச் சறுக்கல், அவ்வளவே. கம்பெனியைச் சாய்த்துவிட்டோம் என்று மார்தட்டியவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. கம்பெனி பயந்தது 2017 விற்பனைக்கு இல்லை, இன்னொரு பெட்டிக்கு. ஃபிஃபா கால்பந்து கேம்களில் வரும் அல்டிமேட் டீம் பேக்குகள்தான் அது, உடைத்தால் குலுக்கலில் வீரர்களின் அட்டைகள் விழும். 2021 நிதியாண்டில் அல்டிமேட் டீம் மட்டும் ஈஏ-வுக்கு 162 கோடி டாலர் ஈட்டித் தந்தது. லூட் பாக்ஸ் சூதாட்டம் என்று எந்த நாட்டிலாவது சட்டம் சொல்லிவிட்டால் கை வைக்கப்போவது அங்கேதான்.

பெல்ஜியம் சொல்லிவிட்டது. 2018 ஏப்ரலில் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுன்டர்-ஸ்ட்ரைக் மூன்றிலும் உள்ள பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்றது ஆணையம். தண்டனை 8 லட்சம் யூரோ அபராதமும் 5 ஆண்டு சிறையும் வரை போகலாம், சிறுவர்கள் சம்பந்தப்பட்டால் இரட்டிப்பு. விசாரணைக்கே காரணமான பேட்டில்ஃப்ரன்ட் 2 அந்தப் பட்டியலில் இல்லை, பெட்டியை அதற்குள் அகற்றிவிட்டதால்! ஈஏ முரண்டு பிடித்துப் பார்த்துவிட்டு 2019 ஜனவரி முடிவில் பெல்ஜியத்தில் ஃபிஃபா பாயின்ட், அதாவது பேக் வாங்க உதவும் கேம் பணம், விற்பதை நிறுத்தியது. நெதர்லாந்தில் 1 கோடி யூரோ அபராதம் வரை போய், 2022 மார்ச்சில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பேக் உடைப்பது தனி விளையாட்டு இல்லை, திறமையால் ஆடும் பெரிய விளையாட்டின் ஒரு பகுதிதான் என்பது அங்கே எடுபட்ட வாதம். ஒரே பொருள், பக்கத்துப் பக்கத்து நாடு, எதிரெதிர் முடிவு. சட்டத்தை நம்பி இறங்குபவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தில் சூதாட்டத்துக்கு என்ன வரையறை இருக்கிறது என்பதை முதலில் படித்தாக வேண்டும்.

இதற்கு எதிர்முனையில் ஆக்டிவிஷன் என்ற பப்ளிஷரின் 2009 துப்பாக்கிச் சண்டை கேம் மாடர்ன் வார்ஃபேர் 2 இருக்கிறது. பிசி பதிப்பில் டெடிகேட்டட் சர்வர் (ஆட்டக்காரர்களே நடத்தும் தனி சர்வர்) கிடையாது என்று ஆக்டிவிஷன் தரப்பு சொன்னதும், பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் புறக்கணிப்புக் குழு ஒன்று தொடங்கி ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். வெளியீட்டு நாளில் யாரோ அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் படம் பிடித்துப் போட்டார்கள். வரிசையாகப் பெயர், பக்கத்தில் பச்சை எழுத்தில்: இப்போது ஆடிக்கொண்டிருப்பது மாடர்ன் வார்ஃபேர் 2. வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் நாளில் மட்டும் 47 லட்சம் பிரதி போனதாக ஆக்டிவிஷன் அறிவித்தது. புறக்கணிப்பு என்பது வாங்காமல் இருப்பது. வாங்காதவரின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறாது. வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பவரின் பெயர் ஏறும், அதுவும் கழித்தல் குறியோடு. அதனால்தான் ரீஃபண்டைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டீமில் விதி எளிது: வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள். காரணம் எதுவானாலும் பரவாயில்லை. ஸ்டீம் சப்போர்ட் பக்கத்தில் வாங்கியவற்றின் பட்டியலுக்குப் போய், கேமைத் தேர்ந்தெடுத்து, ரீஃபண்ட் வேண்டும் என்பதை அழுத்தினால் பணம் ஸ்டீம் வாலட்டுக்கா, கட்டிய வழிக்கேவா என்று கேட்கும். எதிர்ப்புக் காட்டத்தான் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால் காரணப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். கேம் பிடிக்கவில்லை என்று எழுதுவதைவிட, தனிக் கணக்குக் கட்டாயம் என்று வாங்கும்போது தெரியவில்லை என்று ஒரே வரியில் குறிப்பாக எழுதுவது மேல்.

சிக்கல் எங்கே வரும் என்றால் அந்த 2 மணி நேரத்தில். ஸ்டீம் அளப்பது நீங்கள் ஆடிய நேரத்தை இல்லை, கேம் திறந்திருந்த நேரத்தை. பப்ளிஷரின் லான்ச்சர் (கேமைத் திறந்துவிடும் தனி மென்பொருள்) ஜன்னல் பின்னால் திறந்து கிடந்தாலும் கடிகாரம் ஓடலாம். முதல் தடவை ஷேடர் என்ற காட்சி நிரல்களைத் தொகுக்கும் 20 நிமிடமும் கணக்கில் ஏறும். 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 90 ஜிபிக்கு மேல் டேட்டா கேமுக்குள்ளிருந்தே இறங்கியது. இணைய வேகம் குறைவாக இருந்தவர்களுக்கு விமானத்தில் ஏறுவதற்கு முன்பே 2 மணி நேரம் தீர்ந்துவிட்டது. இன்னொரு ஓட்டையை 2024 ஏப்ரலில் அடைத்தார்கள். டீலக்ஸ் வாங்குபவர்களுக்குக் கிடைக்கும் முன்கூட்டிய ஆட்ட நாட்களும் இப்போது 2 மணி நேரக் கணக்கில் சேரும். ப்ரீ-ஆர்டரை வெளியீட்டு நாள் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், ஆனால் முன்கூட்டியே திறந்து 5 மணி நேரம் ஆடிவிட்டு ரத்து செய்ய வழியில்லை.

மற்ற கடைகளில் கதை வேறு. ஜிஓஜி 30 நாள் தருகிறது, ஆடியிருந்தாலும் சரி. எபிக்கில் ஸ்டீம் போலவே 14 நாள், 2 மணி நேரம். ஆனால் திருப்பித் தர முடியாதது என்று குறிக்கப்பட்ட பொருட்கள் உண்டு, வாங்கும் முன் பாருங்கள். ப்ளேஸ்டேஷனில்தான் மோசம்: 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே உரிமை போய்விடும். ஆட்டோ டவுன்லோடு ஆன் செய்திருந்தால் நீங்கள் தொடக்கூட வேண்டாம், அதுவே தொடங்கிவிடும். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 பழைய கன்சோல்களில் தள்ளாடியபோது, பிடிக்காதவர்கள் ரீஃபண்ட் கேளுங்கள் என்று தயாரிப்பாளரே அறிவித்தார். கடைக்காரரான சோனியின் விதியோ டவுன்லோடு செய்தவருக்குக் கிடையாது என்றது. ஆட்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் சோனி கேமையே கடையிலிருந்து தூக்கிவிட்டு எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அது திரும்பக் கடைக்கு வர 2021 ஜூன் ஆனது.

ரீஃபண்ட் மறுத்தால் கோபத்தில் வங்கியைக் கூப்பிட்டு அந்தப் பணப் பரிவர்த்தனையையே எதிர்க்கலாம் என்று அறிவுரை சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். செய்யாதீர்கள். சார்ஜ்பேக் போனதும் கடை முதலில் செய்வது உங்கள் கணக்கைப் பூட்டுவதுதான். 60 டாலருக்காகப் பத்து வருட நூலகம் மொத்தமும் கைவிட்டுப் போகும் நிலை. உங்கள் கார்டை வேறு யாரோ பயன்படுத்திய கேஸுக்கு மட்டும் அந்த ஆயுதத்தை எடுக்கலாம்.

அடுத்தது ரிவ்யூ. இதன் பலத்தை 2024 மே மாதத்தில் சோனி தெரிந்துகொண்டது. சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 கேம் பிப்ரவரியிலிருந்து பிசியில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. மே 3 அன்று, சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைப்பது கட்டாயம் என்று அறிவித்தார்கள். கடைப் பக்கத்தில் அந்த விதி ஆரம்பத்திலிருந்தே எழுதப்பட்டிருந்ததுதான், ஆனால் வெளியீட்டின்போது சர்வர் நெருக்கடியால் அமலாக்காமல் விட்டிருந்தார்கள். இங்கேயும் கோபத்துக்குள் ஒரு எண் இருந்தது. பிளேஸ்டேஷன் நெட்வொர்க் அதிகாரபூர்வமாகக் கிடைப்பது 70 சொச்சம் நாடுகளில். கேமை விற்றது அதைத் தாண்டி 170-க்கும் மேற்பட்ட இடங்களில். அங்கெல்லாம் காசு வாங்கிக்கொண்டு, இணைக்கவே முடியாத கணக்கை இணை என்கிறார்கள். ஒரு வார இறுதியில் 2 லட்சத்துக்கும் மேல் எதிர்மறை ரிவ்யூ. அந்த நாடுகளில் கேம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. மூன்றே நாளில் சோனி பின்வாங்கியது. ஆனாலும் கட்டாயத்தைக் கைவிட்ட கையோடு விற்பனைத் தடையையும் நீக்கினார்களா என்றால் இல்லை, அது வெகுநாள் நீடித்தது. வெற்றி விழா எடுத்தவர்கள் பாதிப் பேர் இதைக் கவனிக்கவே இல்லை.

ஸ்டீமில் ரிவ்யூ எண்ணப்படும் விதம் தெரியாமல் எழுதினால் உழைப்பு வீண். மதிப்பீட்டில் சேர்வது ஸ்டீமிலேயே காசு கொடுத்து வாங்கியவர்களின் ரிவ்யூ மட்டும். வேறு கடையில் கீ (கேமைத் திறக்கும் குறியீட்டு எண்) வாங்கியவர் எழுதலாம், எண்ணிக்கையில் வராது. கடைப் பக்கத்தில் மொத்த மதிப்பீட்டுக்குப் பக்கத்திலேயே கடந்த 30 நாள் மதிப்பீடு தனியாக நிற்கும். புதிதாக வாங்க வருபவர் கண்ணில் படுவது அதுதான், நான்கு லட்சம் பழைய பாராட்டுகளை அடித்துத் திருத்த வேண்டியதில்லை. 40 சதவீதத்துக்குக் கீழே போனால் சிவப்பு எழுத்து.

2019 மார்ச்சில் ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி ஒரு வடிகட்டியைக் கொண்டுவந்தது. திடீரென்று ரிவ்யூ குவிந்தால் அவர்கள் ஆட்கள் பார்ப்பார்கள். கேமுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று முடிவு செய்தால் அந்தக் காலகட்டம் முழுவதையும் மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். அந்த நாட்களில் உண்மையான பழுதைப் பற்றி எழுதியவரின் ரிவ்யூவும் சேர்ந்து போய்விடும். நகல் தடுப்பு மென்பொருள், பயனர் ஒப்பந்த மாற்றம் ஆகியவற்றின் மேல் வரும் கோபத்தையும் சம்பந்தமில்லாதது என்றே வைத்துக்கொள்வதாக வால்வ் அப்போது சொன்னது. இது எனக்கு ஒப்பாத முடிவு. ஒப்பந்தம் மாறினால் கேமே திறக்காமல் போகிற காலம் இது. விதி அப்படி என்றால் அதற்கேற்ப எழுதுவதுதான் புத்திசாலித்தனம். ஒப்பந்தம் அநியாயம் என்று எழுதாமல், எந்தத் தேதியின் அப்டேட்டுக்குப் பிறகு எந்தத் திரையில் என்ன செய்தி வந்து கேம் நின்றுவிட்டது என்று எழுதுங்கள். நடந்த ஒன்றைச் சொல்லும் ரிவ்யூவைத் தள்ளுவது கடினம். எழுத்துகளை அடுக்கி வரைந்த படங்களும் ஒரே வசனத்தை ஆயிரம் பேர் ஒட்டுவதும் வடிகட்டிக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுப்பவை. ஊழியர்களைப் பெயர் சொல்லி மிரட்டினால் இன்னும் மோசம்: மறுநாள் செய்தி விலையைப் பற்றி இருக்காது, மிரட்டலைப் பற்றித்தான் இருக்கும். விலையை முடிவு செய்தவர் அந்த ஊழியரும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வாங்கி 14 நாளுக்குள் நடக்கும் சண்டை. பத்து வருடம் கழித்து சர்வரை அணைத்தால்?

யூபிசாஃப்ட்டின் தி க்ரூ 2014 டிசம்பரில் வந்த கார் ஓட்டும் கேம். தனியாக ஓட்டினாலும் சர்வர் தொடர்பு வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தி, 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். சர்வர் கட்டமைப்பும் உரிமச் சிக்கலும் காரணம் என்றார்கள். அதோடு விட்டிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். ஏப்ரலில், வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே உரிமத்தை நீக்கத் தொடங்கினார்கள். நூலகத்தில் இருந்தது, திறந்தால் உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. ரீஃபண்ட் காலம் என்றோ முடிந்துவிட்டது, ரிவ்யூ எழுதி யாரைத் தடுக்க, விற்பனையே இல்லையே. முன்பு சொன்ன எந்த ஆயுதமும் இங்கே பயன்படாது.

அதனால்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் நேராகச் சட்டத்தின் பக்கம் போனது. கேட்டது ஒன்றுதான்: சர்வரை என்றென்றும் ஓட்டச் சொல்லவில்லை, அணைக்கும்போது கேமை ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ. ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி என்ற வழியில், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் கையெழுத்துச் சேர்த்துச் சட்டம் கேட்கும் வழியில், மனு போட்டார்கள். ஓராண்டுக்குள் 10 லட்சம் கையெழுத்து வேண்டும், குறைந்தது 7 நாடுகளில் நாட்டுக்கு நாடு வேறுபடும் கீழ்வரம்பையும் தாண்ட வேண்டும். 2025 ஜூலை 31 அன்று முடிந்தபோது 14 லட்சத்துக்கு மேல். 10 லட்சம் போதும் என்னும்போது ஏன் 14 லட்சத்துக்கு ஓடினார்கள்? ஒவ்வொரு நாடும் கையெழுத்துகளைச் சரிபார்க்கும். குடியுரிமை இல்லாதவர், பெயரை ஆவணத்தில் உள்ளபடி எழுதாதவர், அடையாள எண்ணில் ஓர் இலக்கம் தவறவிட்டவர், இரண்டு தடவை போட்டவர் எல்லாம் கழிக்கப்படுவார்கள். வேறு கண்டத்திலிருந்து ஆர்வக்கோளாறில் போட்ட கையெழுத்து உதவியில்லை, உபத்திரவம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் சின்னதாக ஒன்று செய்தது. 2025 ஜனவரி 1 முதல், வாங்குங்கள் என்ற சொல்லைப் போட்டு டிஜிட்டல் பொருள் விற்றால், கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இணையம் இல்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி டவுன்லோடு கொடுத்தால் விலக்கு. சட்டம் அமலுக்கு வரும் முன்பே ஸ்டீமின் பணம் கட்டும் பக்கத்தில் அந்த ஒரு வரி வந்துவிட்டது. ஜிஓஜி தன் ஆஃப்லைன் இன்ஸ்டாலரைக் காட்டி விளம்பரம் செய்துகொண்டது.

வாங்கிய அன்றைக்கே ஒரு சோதனை செய்துவிடலாம், 2 மணி நேரக் கடிகாரம் ஓடும்போதே. கேமைப் போட்டு, தனி ஆட்டத்தைத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆடுங்கள். மூடுங்கள். ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றி, இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி திறங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். அப்படியே ஓடினால் நல்லது. லான்ச்சரில் நின்றுவிட்டால், லான்ச்சருக்குள் ஆஃப்லைன் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் ஒரு தடவை இணையத்தோடு உள்நுழைந்தபின் வேலை செய்யும். முதன்மை மெனு வரை வந்து சர்வர் தொடர்பு இல்லை என்று சொல்லி நின்றால், அந்தக் கேமின் ஆயுள் உங்கள் கையில் இல்லை. அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, ரீஃபண்டா இல்லையா என்று அப்போதே முடிவு செய்யுங்கள். ரீஃபண்ட் கேட்டால் காரணப் பெட்டியில் அந்தத் திரையில் வந்த செய்தியை அப்படியே எழுதுங்கள்.

அதே வரிசையில் பின்னால் வந்த தி க்ரூ 2, மோட்டார்ஃபெஸ்ட் இரண்டுக்கும் ஆஃப்லைன் வசதி தருவதாக யூபிசாஃப்ட் 2024 செப்டம்பரில் வாக்குக் கொடுத்தது. தி க்ரூ 2-க்கு அது 2025 அக்டோபரில் வந்து சேர்ந்தது. முதல் தி க்ரூவுக்குக் கம்பெனி எதுவும் செய்யவில்லை. ரசிகர்களே சர்வரின் வேலையைப் பிரித்துப் படித்து, தி க்ரூ அன்லிமிடெட் என்ற மாற்றுச் சர்வரை எழுதி 2025 செப்டம்பரில் வெளியிட்டார்கள். பிசியில் பழைய கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு கார் மறுபடி கிளம்பியது.